டேப் மந்தமா, நாம் மந்தமா?

சப்ரகமுவ மாகாணத்தில் நம்மவர்கள் செய்யும் தொழில்களைப் பட்டியலிடச் சொன்னால் இரத்தினக்கல், இறப்பர், புடவைக் கடை, ஹாட்வெயார், ஹோட்டல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வீடியோ ஸ்டூடியோவை எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மாவனல்லை, வரக்காப்பொல, கேகாலை தொடக்கம் இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை வரை கெமராவை நம்பிக் குடும்பம் நடத்தும் முஸ்லிம் இளைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள். நிக்காஹ் மட்டுமல்ல, சிங்கள வீட்டுப் போருவச் சடங்கும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களின் கல்யாணங்களும் கோயில் திருவிழாக்களும் இவர்களின் கெமராவில்தான் பதிவாகின்றன.

இந்தத் தொழிலில் அண்மைக் காலமாக ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. "நானா, டேப் டிரைவ் ஒன்று வாங்கினோம். இரவு போட்டால் காலையிலும் முடியவில்லை. நடுவில் நின்றுவிடுகிறது. எழுதியதைத் திரும்ப எடுக்கப் போனால் வாசிக்கவும் மாட்டேன் என்கிறது. காசு பாழ்" என்பதே அது. கம்பியூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இத்தகைய சில இடங்களுக்கு நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை வைத்து ஒன்றைச் சொல்வேன்: டேப் மந்தமானதல்ல. அதற்கு நாம் தீனி போடும் விதம்தான் மந்தமானது. மந்தம் என்ற குறையைத் தீர்க்காமல் விட்டால் அதுவே நம்பிக்கையீனம் என்ற பெரிய குறையாக வளர்ந்துவிடுகிறது.

கெசட் போனது, பொறுப்பு கூடியது

2000 களின் தொடக்கத்தில் மினி டீவி கெசட்டில் படம் பிடித்தோம். ஒரு மணித்தியாலப் பதிவு ஏறக்குறைய 13 கிகாபைட். எடிட் செய்து வீ.எச்.எஸ். அல்லது டீ.வீ.டி. கொடுத்த பின்னரும் மூலக் கெசட் அலுமாரியில் கிடக்கும். அதாவது, நாம் எதுவும் செய்யாமலேயே ஒரு பேக்கப் நம்மிடம் இருந்தது.

இன்று அப்படியல்ல. படம் மெமரி கார்டில் பதிவாகிறது. சனிக்கிழமைக் கல்யாணத்தைக் கம்பியூட்டரில் இறக்கிவிட்டு, அதே கார்டை அழித்து ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குக் கொண்டு போகிறோம். கார்டை அழித்த அந்தக் கணத்தில் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பிரதிதான் மூலம். அது போனால் போனதுதான். மணமக்களை மீண்டும் மேடையில் உட்கார வைக்க முடியுமா? அந்த வீடியோவில் துஆ கேட்ட மூத்தம்மா அடுத்த வருடம் இல்லாமற் போயிருக்கலாம். பத்து வருடம் சீட்டுக் கட்டி மகளைக் கரைசேர்த்த தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்த ஒரு வீடியோவைத் தவிர வேறு பதிவு இராது.

அளவும் பெருகிவிட்டது. 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கெமரா மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட் எடுக்கும். இரண்டு கெமரா, ஆறு மணித்தியாலம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 540 கிகாபைட். வருடத்துக்கு 60 கல்யாணம் செய்யும் ஸ்டூடியோவுக்கு 32 டெராபைட்டுக்கு மேல் சேருகிறது. இதைத் தாங்கத்தான் சிலர் எல்.ரீ.ஓ. எனப்படும் டேப் முறைக்கு வந்தார்கள். முடிவு சரியானதே. நடைமுறையில்தான் கோளாறு.

ஓடவேண்டியதை நடக்க வைத்தால்

2015 இல் வந்த எல்.ரீ.ஓ.-7 டேப்பில் 6 டெராபைட் கொள்ளும். டிரைவ் விநாடிக்கு 300 மெகாபைட் வரை எழுதும். கணக்குப்படி ஒரு டேப் ஐந்தரை மணித்தியாலத்தில் நிறைய வேண்டும். அதே டிரைவுக்கு பழைய யூ.எஸ்.பி. 2.0 ஹார்ட் டிஸ்கிலிருந்து தீனி போட்டால் விநாடிக்கு 30 மெகாபைட்தான் வரும். அப்போது அந்த டேப் நிறைய 55 மணித்தியாலம். சாதாரண கிகாபிட் நெட்வேர்க் வழியாக அனுப்பினாலும் 110 மெகாபைட்டைத் தாண்டாது.

இதில் நேரம் மட்டும் வீணானால் பரவாயில்லை. டேப் டிரைவ் தண்ணீர்க் குழாய் போன்றதல்ல, மெதுவாகச் சொட்டச் சொட்ட எழுதுவதற்கு. டேப் வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் அதில் எழுத முடியும். வரும் தரவுக்கு ஏற்ப டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்.ரீ.ஓ.-7, 8 டிரைவ்களில் அந்த எல்லை பொதுவாக விநாடிக்கு 100 மெகாபைட் அளவில் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் டிரைவ் நின்று, டேப்பைப் பின்னுக்கு இழுத்து, மீண்டும் முன்னுக்கு ஓடி, விட்ட இடத்தைப் பிடித்து எழுதவேண்டும். சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் துணி முன்னும் பின்னும் போவதைப் போல இது இருப்பதால் ஆங்கிலத்திலும் அதற்குச் சப்பாத்துத் துடைப்பு என்றே பெயர். டேப்பும் தேய்கிறது, ஹெட்டும் தேய்கிறது. இன்று மந்தமாக ஓடிய டேப் நாளை வாசிக்க முடியாத டேப்பாக மாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆகவே டிரைவைக் குறை கூறுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய வீடியோ கோப்பு ஒன்றை, டேப் சம்பந்தமே இல்லாமல், அந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றுக்குப் பிரதி எடுத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பை எஸ்.எஸ்.டி.யிலிருந்து டேப்புக்கு எழுதிப் பாருங்கள். முதலாவது மந்தமென்றால் நோய் ஹார்ட் டிஸ்கில் அல்லது கேபிளில். முதலாவது நன்றாக ஓடி இரண்டாவது மந்தமென்றால் டிரைவ், எஸ்.ஏ.எஸ். கார்ட், டேப் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பத்து நிமிடத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் போன இடங்களில் பெரும்பாலும் முதலாவது பக்கத்திலேயே குற்றம் இருந்தது. எடிட் செய்துகொண்டிருக்கும் அதே டிஸ்கிலிருந்து பேக்கப்பும் ஓடும். பக்கத்தில் வைரஸ் கார்ட் ஒவ்வொரு கோப்பையும் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். டேப் மாத்திரம் ஏச்சு வாங்கும்.

தீர்வு எளிது. அன்றைய பேக்கப்பை முதலில் ஓர் எஸ்.எஸ்.டி.யில் அல்லது நான்கு டிஸ்குகளை ஒன்றாக இணைத்த ரெய்ட் பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு ஒரே மூச்சில் எழுதுங்கள். அந்த நேரத்தில் எடிட்டிங் வேண்டாம். கெமரா கார்டில் வீடியோவுடன் சேர்ந்து வரும் நூற்றுக்கணக்கான குட்டிக் கோப்புகளும் வேகத்தைக் கொல்லும். அவற்றை ஒரே கட்டாகப் பொதிசெய்து எழுதினால் நல்லது. டேப்பில் எழுதும் துண்டின் அளவை 64 கிலோபைட் போன்ற சிறிய அளவில் வைத்திருந்தால் கூட்டுங்கள்.

பெட்டியின் மேலுள்ள எழுத்தையும் நம்பிவிடாதீர்கள். எல்.ரீ.ஓ.-7 டேப்பில் 15 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது தரவைச் சுருக்கினால் கிடைக்கும் கணக்கு. நமது வீடியோ கெமராவுக்குள்ளேயே சுருக்கப்பட்டுவிட்டது. பிழிந்த தேங்காய்ப்பூவை மறுபடி பிழிந்தால் எவ்வளவு பால் வரும்? 6 டெராபைட் என்றே கணக்கு வையுங்கள்.

நமது ஊரின் ஈரம்

இரத்தினபுரி நாட்டின் ஈரவலயத்தில் மழை கொட்டும் இடங்களில் ஒன்று. கேகாலை மாவட்டமும் அதற்கு அதிகம் பின்நிற்பதல்ல. டேப்பை நீண்டகாலம் வைத்திருக்க உற்பத்தியாளர்கள் சொல்லும் ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். வெப்பநிலை 16 முதல் 25 பாகை செல்சியஸ். நமது ஊரில் காலை வேளையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். டிரைவை இயக்கவும் உச்ச எல்லை 80 சதவீதம்தான். வீ.எச்.எஸ். கெசட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கெமரா லென்ஸுக்கு டிரை கெபினட் வாங்கத் தயங்காத நாம், டேப்பைக் காட்போட் பெட்டியில் போட்டு மேசைக்கடியில் தள்ளிவிடுகிறோம். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஏ.சி. அறைக்கும் வெளிக்கும் மாறிமாறிக் கொண்டுபோன டேப்பை உடனே டிரைவில் போடாமல், அந்த அறையில் ஒரு நாள் வைத்திருந்து போடுங்கள்.

சுத்தம் செய்வதிலும் இரு துருவங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு சாரார் கிளீனிங் டேப்பை வாங்குவதே இல்லை. மறுசாரார் தினமும் போடுகிறார்கள். டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுவதே முறை. அந்தக் கிளீனிங் டேப்பும் சுமார் 50 தடவையுடன் முடிந்துவிடும்.

மின்சாரத்தைச் சொல்லவே வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருளில் மூழ்கியது. இடி மின்னல் காலத்தில் தோட்டப்பகுதி லைன்களின் நிலை நமக்குத் தெரியும். எல்.ரீ.எப்.எஸ். முறையில் எழுதும்போது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை டேப்பை முறைப்படி வெளியே எடுக்கும்போதுதான் முழுமையாகப் பதிவாகும். இடையில் கரண்ட் போனால் வீடியோ டேப்பில் இருக்கும், ஆனால் அட்டவணையில் இராது. மீட்க மென்பொருள் உண்டு. எனினும் ஒரு நல்ல யூ.பீ.எஸ். அதைவிட மலிவு. கம்பியூட்டருக்கு மட்டுமல்ல, டேப் டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கும் சேர்த்தே யூ.பீ.எஸ். கொடுக்கவேண்டும்.

எழுதியது போதுமா?

வேகத்தைச் சரிசெய்துவிட்டோம். டிரைவ் "முடிந்தது" என்று சொல்லிவிட்டது. இனி நிம்மதியா? இல்லை. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை மாத்திரமே.

1998 இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் டோய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. பேக்கப்பை எடுக்கப் போனபோதுதான் அது சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலைசெய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரியின் வீட்டுக் கம்பியூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. கோடிக்கணக்கான டொலர் புரளும் நிறுவனத்துக்கே இந்த நிலை.

நமது நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் ரென்சம்வெயார் தாக்குதலுக்குள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பேக்கப் இல்லாததால் அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பறிபோயின.

மறுபுறம், 2011 பெப்ரவரி இறுதியில் கூகிள் நிறுவனத்தின் ஒரு மென்பொருள் கோளாறு சில ஜீமெயில் கணக்குகளை வெறுமையாக்கியது. கம்பியூட்டர்களில் இருந்த பல பிரதிகளும் ஒன்றாகவே பாதிக்கப்பட்டன. கம்பியூட்டரோடு தொடர்பில்லாமல் இருந்த டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டார்கள். வைரஸும் ஹெக்கரும் அலுமாரியில் கிடக்கும் டேப்பைத் தொட முடியாது. டேப்பின் பெரிய பலம் அதுதான்.

எனவே கோப்பை எழுதுமுன் அதன் செக்சம் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, எழுதிய பின் டேப்பிலிருந்து வாசித்து ஒப்பிடுங்கள். நேரம் இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆனால் கார்டை அழிப்பது அதன் பிறகுதான் என்ற ஒரு விதியை ஸ்டூடியோவில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் முன் தலைகுனியும் நாள் வராது. வருடத்துக்கு ஒருமுறை பழைய டேப் ஒன்றைக் கண்மூடி எடுத்து, ஒரு முழுக் கல்யாணத்தையும் மீட்டுப் பாருங்கள்.

தனியாக வாங்குவது புத்தியா?

இங்கே என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து வைபவம் செய்யும் சிறிய ஸ்டூடியோ டேப் டிரைவ் வாங்கத் தேவையில்லை. இரண்டு நல்ல ஹார்ட் டிஸ்குகள், இரண்டும் வெவ்வேறு வீடுகளில் என்றால் போதும். புதிய டிரைவின் விலை ஆயிரக்கணக்கான டொலர். அதனால்தான் பலர் எங்கோ கழித்த பழைய டிரைவை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். எல்.ரீ.ஓ.-7 வரையான டிரைவ்கள் தமக்கு முந்திய இரண்டு தலைமுறை டேப்புகளை வாசித்தன. எல்.ரீ.ஓ.-8 தனக்கு முந்திய ஒன்றை மாத்திரமே வாசிக்கும். டேப் முப்பது வருடம் நிற்கும் என்கிறார்கள். அதை வாசிக்கும் டிரைவ் அப்போது எங்கே கிடைக்கும் என்பதை இன்றே யோசிக்க வேண்டாமா?

ஆகவே கூட்டாகச் செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. மேலே சொன்ன அளவில் ஐந்து ஸ்டூடியோக்கள் சேர்ந்தால் வருடத்துக்கு 162 டெராபைட். 12 டெராபைட் கொள்ளும் எல்.ரீ.ஓ.-8 டேப்பில் இரண்டு பிரதி எடுக்க 28 டேப் போதும். டிரைவை முழு வேகத்தில் ஓடவிட்டால் இரு பிரதிகளும் எழுத வாரத்துக்குச் சராசரியாக ஆறு மணித்தியாலம் போகும். வாசித்து ஒப்பிட்டால் பன்னிரண்டு. ஒரு டிரைவ், ஒரு டிரை கெபினட், பயிற்சி பெற்ற ஒரு பிள்ளை. செலவு ஐந்தாகப் பிரியும். இரத்தினக்கல்லில் ஒரு கல்லைப் பல பேர் பங்குபோட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததா?

"போட்டிக்காரன் என் வீடியோவைப் பார்ப்பானே" என்பார்கள். அதைவிடப் பாரதூரமான கேள்வியும் உண்டு. பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகள் அந்நியர் கையில் போகலாமா? போகவே கூடாது. எல்.ரீ.ஓ.-4 முதல் டிரைவிலேயே தரவைப் பூட்டி எழுதும் வசதி இருக்கிறது. மென்பொருளும் அதற்கு ஏற்றதாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டூடியோவும் தனித் திறவுகோலுடன் தன் டேப்பைப் பூட்டலாம். டேப் திருட்டுப் போனாலும் உள்ளே எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திறவுகோல் தொலைந்தால் உரிமையாளருக்கும் தெரியாது. அதை இரண்டு இடத்தில் எழுதிப் பத்திரப்படுத்துவது அவரவர் கடமை.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது? பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய விதி ஒன்றுண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நமது மாகாணத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காயல்ல. 2003 மேயிலும் 2017 மேயிலும் களுகங்கை இரத்தினபுரி நகருக்குள் புகுந்தது. 2016 மேயில் அரநாயக்கவில் மலையே சரிந்தது. 2001 மேயில் மாவனல்லையில் நம்மவர்களின் கடைகள் எரிந்தன. 2025 நவம்பரில் திட்வா சூறாவளி நாட்டின் பெரும்பகுதியை உலுக்கியது. வெவ்வேறு ஊர் என்பது மட்டும் போதாது. மேட்டுநிலமாகவும் சரிவுக்கு அடியில் இல்லாததாகவும் பார்த்து வைக்கவேண்டும்.

கணக்கில் எழுதுங்கள்

கடைசியாக ஒன்று. எத்தனை வருடத்துக்கு வீடியோவை வைத்திருப்போம் என்று எந்த ஸ்டூடியோவின் பில்லிலும் நான் கண்டதில்லை. வாடிக்கையாளர் காலமெல்லாம் இருக்கும் என்று நினைக்கிறார். நாமோ டிஸ்க் நிறைந்ததும் அழித்துவிடுகிறோம். இரண்டு வருடமோ ஐந்து வருடமோ, அதைப் பில்லில் எழுதிவிடுங்கள். அதற்குமேல் வைத்திருக்கக் கட்டணமும் கேட்கலாம். அது நியாயமான வருமானம். தவணை முடிந்தால் அறிவித்துவிட்டு அழியுங்கள். பிறர் குடும்பத்துப் படத்தைத் தேவையின்றி வைத்திருப்பதும் பொறுப்புத்தானே? ஸ்டூடியோக்களுக்கிடையிலான கூட்டு ஒப்பந்தமும் இப்படியே எழுத்தில் இருக்கட்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை வியாபாரிகளான நாம் அறிவோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. மக்கள் தம் வாழ்வின் ஒரேயொரு நாளை நம்மிடம் அமானிதமாகத் தருகிறார்கள். அதை மேசைக்கடியில் ஈரப் பெட்டியில் போட்டுவிட்டு டேப்பைக் குறை சொல்வது நியாயமா? அடுத்த கார்டை அழிக்குமுன் ஒருகணம் சிந்திப்போம்.